மருந்தடிக்கப் போனவர்கள்

2017-ல் யவத்மாலின் பருத்திக் காடுகளில் கூலிக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையில் விழுந்தார்கள். முகமூடி போடாதது அவர்கள் தவறு என்று சொல்லப்பட்டது. விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

யவத்மால் என்ற பெயர் பத்திரிகையில் வந்தால் அது விவசாயி தற்கொலைச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நாடு பழகிப்போயிருந்தது. மகாராஷ்டிராவின் கிழக்கே, விதர்பாவின் பருத்தி மாவட்டம். கடன், பொய்த்த மழை, சரிந்த விலை, கடைசியில் பூச்சிமருந்துப் பாட்டில். 2017 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் ரத்தத்திலும் பூச்சிமருந்துதான் கலந்திருந்தது. ஆனால் அவர்கள் யாரும் சாவதற்காக அதைக் குடித்தவர்கள் அல்ல. காலையில் முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு பருத்திக் காட்டுக்கு மருந்தடிக்கப் போனவர்கள். சிலர் சொந்த நிலத்தில். பலர் அடுத்தவர் நிலத்தில், கூலிக்கு.

முதலில் தலைச்சுற்றல், வாந்தி, கண் எரிச்சல். வெயிலில் வேலை செய்தால் வருவதுதானே என்று வீட்டில் படுத்தார்கள். அப்புறம் பார்வை மங்கியது, வாயில் நுரை தள்ளியது, மூச்சு வாங்கியது. சிலர் நினைவு தடுமாறிப் பிதற்றினார்கள். கட்டிலோடு கட்டி வைத்துச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. சில வாரங்களில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 800 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதர்பாவின் மற்றப் பருத்தி மாவட்டங்களிலிருந்தும் இதே செய்தி வந்தது. அதே பருவத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தமிழ்நாட்டின் பெரம்பலூர் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் செத்தார்கள்.

விஷயம் வெளியே தெரிய அக்டோபர் ஆயிற்று. மாநில அரசின் விவசாயிகள் நலக் குழுவான வசந்த்ராவ் நாயக் சேத்கரி சுவாவலம்பன் மிஷனின் தலைவராக இருந்த கிஷோர் திவாரி பகிரங்கமாகப் பேசிய பிறகுதான் மும்பை அசைந்தது. முதலமைச்சர் இறந்தவர்களின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் அறிவித்தார். அமராவதி கோட்ட ஆணையர் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. எல்லாம் முறைப்படி நடந்தது. மூன்று மாதம் தாமதமாக நடந்தது என்பதுதான் குறை.

அந்த வருஷம் என்ன விசேஷம்?

விதர்பாவில் மருந்தடிப்பது புதிதல்ல. தலைமுறைகளாக அடிக்கிறார்கள்; தலைவலியும் வாந்தியும் அந்த வேலையோடு ஒட்டிப் பிறந்தவை என்றே நினைத்து வந்தார்கள். 2017-ல் பல காரியங்கள் ஒன்றாகக் கூடிவிட்டன.

செடியின் உயரம் முதல் காரணம். இடுப்பளவு, மார்பளவு நிற்கும் பருத்தி அந்த வருஷம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நெருங்கி நின்றது. இடுப்பளவுச் செடியில் மருந்தடிப்பவன் கையைத் தாழ்த்தி அடிக்கிறான். மருந்து காலடியில் விழுகிறது. ஆள் உயரச் செடியில் குழாயைத் தலைக்கு மேலே தூக்கித்தான் அடிக்க வேண்டும். அடித்த மருந்து பனி போல அவன் முகத்திலேயே இறங்குகிறது. இரு பக்கமும் இலைச் சுவர், காற்றோட்டம் கிடையாது. அந்த மேகத்துக்குள்ளேயே நடந்து முன்னேற வேண்டும். போதாததற்குப் புழுக்கம். வியர்வையில் ஊறிய தோல் மருந்தை இழுத்துக்கொள்ளத் தோதான தோல்.

இரண்டாவது, பூச்சி. 2002-ல் இந்தியாவுக்கு வந்த பிடி பருத்தி காய்ப்புழுவை ஒழித்துவிடும், மருந்துச் செலவு மிச்சம் என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. சில வருஷம் மிச்சமும் ஆனது. 2006-ல் வந்த இரண்டாவது ரகத்துக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. 2017-ல் அந்தப் புழு மகாராஷ்டிராவின் காய்களைக் குடைந்து தள்ளியது. அந்தப் புழு காய்க்குள் போய்விட்டால் மேலே எதை அடித்தாலும் அதைத் தொடாது. ஆனால் முதல் போட்டுவிட்டு நிற்கும் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பான்? சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று, செடி செழிக்க ஒரு டானிக் என்று மூன்று நான்கைச் சேர்த்துக் கலக்கி அடித்தார்கள்.

மூன்றாவது, கருவி. கையால் அடிக்கும் பழைய பம்பின் இடத்துக்குச் சீனாவிலிருந்து வந்த மலிவான பேட்டரி பம்புகள் வந்திருந்தன. கை வலிக்காது, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் துளி மிகப் பொடி. பெரிய துளி இலையில் உட்காரும். பொடித் துளி காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகும். வேலை சுலபமானதால் ஒரே ஆள் ஒரு நாளில் அடிக்கும் டேங்க்குகளின் எண்ணிக்கையும் கூடியது.

இந்த மூன்றில் எதுவும் ரகசியமல்ல. பருத்தி வளர்வதும் புழு பெருகுவதும் மருந்து விற்பனை ஏறுவதும் வேளாண் துறையின் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தன.

நரம்புக்குப் போகும் நஞ்சு

அந்தப் பருவத்தில் பேசப்பட்ட மருந்துகளில் மோனோகுரோட்டோபாஸ், புரொஃபெனோபாஸ், அசிபேட் மூன்றும் ஆர்கனோபாஸ்பரஸ் என்ற ஒரே குடும்பம். குடும்பத்தின் பூர்வீகம் அவ்வளவு நல்லதல்ல. 1930-களில் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் 1936-ல் கண்டுபிடித்த ஒரு பொருள் பூச்சிமருந்தாக விற்க முடியாத அளவுக்குக் கொடியதாக இருந்தது. அது தபுன் என்ற பெயரில் ராணுவத்தின் நரம்பு வாயுவாயிற்று. அதே ஆராய்ச்சியின் சற்று மென்மையான வாரிசுகள் பின்னாளில் வயலுக்கு வந்தன.

பூச்சியைக் கொல்லும் விதமும் மனிதனைக் கொல்லும் விதமும் ஒன்றேதான். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் தன் வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். அழிக்கும் நொதியின் பெயர் கோலினெஸ்டரேஸ். இந்த மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. கண்ணில் நீர், வாயில் எச்சில், நெஞ்சில் சளி. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. தசை துடிக்கிறது, பிறகு துவண்டுபோகிறது. மூச்சு இழுக்கும் தசையும் தசைதானே.

உயிர் பிழைத்துவிட்டான் என்று நினைக்கும்போது வரும் ஆபத்து இன்னொன்று. மாற்று மருந்து கொடுத்து நோயாளி எழுந்து உட்கார்ந்திருப்பான். ஒன்றிலிருந்து நான்கு நாளைக்குள் கழுத்துத் தூக்க முடியாமல் போய், மூச்சு நின்றுவிடும். இதை முதன்முதலில் தனி நோய்நிலையாக விவரித்து 1987-ல் உலகுக்குச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயகவும் கரலியத்தவும். அந்த நாட்களில் வென்டிலேட்டர் கிடைத்தால் ஆள் பிழைப்பான். கிடைக்காவிட்டால் இல்லை. ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் 'சரியாகிவிட்டது' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படும் கூலியாளுக்கு இதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்தால் எவ்வளவு நஞ்சு ஏறியிருக்கிறது என்று கணிக்கலாம். நூற்றுக்கணக்கானோர் வந்து விழுந்த யவத்மால் மருத்துவமனையில் அந்தப் பரிசோதனைக்கு அப்போது வசதி இல்லை. லட்சக்கணக்கான ஏக்கரில் பருத்தி விளையும் மாவட்டம் அது. மருத்துவர்கள் அறிகுறியைப் பார்த்து அட்ரோபின் ஊசி போட்டார்கள். அவர்களால் முடிந்தது அது. ஆனால் கலவையில் இருந்ததெல்லாம் ஆர்கனோபாஸ்பரஸ் அல்ல. டயஃபென்தியூரான் வேறு இனம். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. எந்தெந்த மருந்தைக் கலந்தாய் என்று நோயாளியைக் கேட்டால், நிலக்காரர் கொடுத்ததைக் கலந்தேன் என்பதற்கு மேல் அவனுக்கு என்ன தெரியும்?

வார்த்தையிலேயே ஒரு வஞ்சனை இருக்கிறது. தமிழில் மருந்து, தெலுங்கில் மந்து, இந்தியில் தவா. நோயாளிக்குக் கொடுப்பதும் செடிக்கு அடிப்பதும் ஒரே சொல். மருந்து என்றால் கொஞ்சம் கூடுதலாக அடித்தால் சீக்கிரம் குணமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைப் பரிந்துரைக்கும் 'டாக்டர்' கடைக்காரர். வேளாண் அலுவலர் கிராமத்துக்கு வருவது அபூர்வம். மருந்துக் கடை எப்போதும் திறந்திருக்கிறது, கடனும் தருகிறது. கடன் தருகிறவர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கிப்போவதுதான் வழக்கம். டப்பாவின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டு விஷத்தின் தரத்தைச் சொல்லியிருக்கும். சிவப்புதான் மிகக் கொடியது. பச்சை என்றால் பத்திரம் என்று பொருளல்ல, அந்த வரிசையில் குறைந்தது என்றுதான் பொருள். உள்ளே மடித்து வைத்த துண்டுக் காகிதத்தில் பல மொழிகளில் எச்சரிக்கை உண்டு. எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. அதுவும் டப்பாவை வாங்குகிறவருக்கு. பம்பைச் சுமப்பவன் கைக்கு வருவது மூடி திறந்த டப்பா.

பம்பைச் சுமப்பவன் யார்?

நிலம் இல்லாதவர்கள், அல்லது பெயருக்கு ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்கள். ஆதிவாசிகள், தலித்துகள். பருத்தி அடிக்கும் காலத்தில் மருந்தடிக்கும் கூலி மற்றக் கூலியைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் கிராமத்தின் இளவட்டங்கள் ஒரு சிலர் அந்தப் பருவம் முழுக்க அதையே தொழிலாக வைத்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் கூலி டேங்க் கணக்கு. 15, 16 லிட்டர் பிடிக்கும் டேங்க்கை முதுகில் ஏற்றிக்கொண்டு எத்தனை முறை காலி செய்கிறானோ அத்தனை முறைக்குக் காசு. நிலக்காரர் வருஷத்தில் சில நாள் தன் காட்டில் மருந்து அடிப்பார். கூலிக்கு அடிப்பவன் இன்று ஒருவர் காடு, நாளை இன்னொருவர் காடு என்று வாரக்கணக்கில் அடிக்கிறான். நேற்று கட்டிப்போடப்பட்ட நொதி மறுபடி ஊறுவதற்குள் இன்றைய மருந்து இறங்குகிறது. ஒழுகும் டேங்க்கிலிருந்து முதுகில் வழிந்து இடுப்புத் துணியில் ஊறுவது நாள் முழுக்க அப்படியே இருக்கிறது. மூச்சு வழியாகப் போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தோல் வழியாகப் போவது அதற்குக் குறைந்ததல்ல.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள், கணக்கில் வராதவள். தண்ணீர் சுமந்து வருவது, வாளியில் மருந்தைக் கலக்குவது, டேங்க்கை நிரப்பிக் கொடுப்பது பெரும்பாலும் பெண்கள். நீர்க்காத மருந்து கையில் படுவது கலக்கும்போதுதான். மாலையில் அந்த உடுப்பைத் துவைப்பதும் அவர்களே. மறுநாள் அதே காட்டில் களை எடுக்கவும் பருத்தி பறிக்கவும் இறங்குவதும் அவர்களே.

2003 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மூன்று கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கில் வராதவர்களிடமே கணக்கைக் கேட்டது. பருத்தி விளைவிக்கும் 50 பெண்கள், தங்களுக்கும் வீட்டு ஆண்கள் 47 பேருக்கும் மருந்தடித்த பிறகு என்ன ஆகிறது என்று குறித்துவைத்தார்கள். பதிவான 323 சம்பவங்களில் 83.6 சதவீதத்தில் லேசானது முதல் கடுமையானது வரை விஷ அறிகுறி இருந்தது. 6 சதவீதத்தில் நரம்புப் பாதிப்பு மிகக் கடுமை. அந்த ஆய்வில் மனசை உறுத்தும் வரி வேறு: அவர்களில் ஒருவர்கூட மருத்துவரிடம் போகவில்லை. பெரிய நிலக்காரர்களைவிட ஏழை விவசாயிகளே கடும் விஷத்துக்கு அதிகம் ஆளானார்கள் என்றும் அது கண்டது.

ஆக, 2017-ல் யவத்மாலில் நடந்தது ஒரு விபத்து மட்டுமல்ல. வருஷா வருஷம் வீட்டுத் திண்ணையில் வாந்தி எடுத்துத் தீர்ந்துபோனது அந்த ஒரு வருஷம் மருத்துவமனை வாசல் வரை வந்துவிட்டது.

சட்டம் பிறந்த கதை

பூச்சிமருந்தை அடக்க இந்தியாவில் சட்டம் வந்ததற்குக் காரணமே ஒரு சாவுக் கூட்டம்தான். 1958-ல் பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தோடு ஒரே கப்பலில் ஏற்றிவந்த கோதுமை மாவில் அது கசிந்தது. அதைச் சாப்பிட்டு அன்றைய கேரள, சென்னை மாநிலங்களில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை, நிபுணர் குழு என்று பத்து வருஷம் நடந்து, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971-ல் விதிகள்.

விதிகளைப் படித்தால் குறை சொல்ல முடியாது. மருந்து தெளிக்கும் வேலைக்கு வைக்கப்படுபவரை வேலைக்கு முன்பும் பிறகு காலாண்டுக்கு ஒரு முறையாவதும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் மாதந்தோறும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்க்க வேண்டும். காப்பு உடை, மூச்சுக் கருவி, மாற்று மருந்து, பயிற்சி எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் இதையெல்லாம் செய்ய வேண்டியவர் உற்பத்தியாளர், அல்லது தெளிப்பதையே வணிகமாக நடத்தும் நிறுவனம். பக்கத்து வீட்டுக்காரரின் பருத்திக்கு டேங்க் கூலிக்கு அடிக்கும் ஆள் இந்த வரையறைகளில் எதிலும் உட்காருவதில்லை. அவனுக்கு முதலாளி உண்டு, நிறுவனம் இல்லை. அந்த முதலாளியும் கடனில் நிற்கும் நாலு ஏக்கர்காரர்.

மாநில அரசின் கையிலும் சட்டம் அதிகம் கொடுக்கவில்லை. ஒரு மருந்து மக்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் மாநிலம் 60 நாள் விற்பனையை நிறுத்தலாம், பிறகு 30 நாள் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை டெல்லியின் அதிகாரம். அந்த 60 நாளைத்தான் மகாராஷ்டிரா பயன்படுத்தியது: புரொஃபெனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவை, ஃபிப்ரோனிலும் இமிடாகுளோபிரிடும் சேர்ந்த கலவை, அசிபேட், டயஃபென்தியூரான், மோனோகுரோட்டோபாஸ் என்ற ஐந்துக்கும் யவத்மால், அகோலா, அமராவதி, புல்டானா, வாஷிம் மாவட்டங்களில் தடை. உத்தரவு வந்தது 2017 நவம்பரில். அதற்குள் அந்த வருஷத்து மருந்தடிப்பு அநேகமாக முடிந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்; இங்கே கண் கெட்டவர்கள் வேறு, நமஸ்காரம் செய்தவர்கள் வேறு.

மோனோகுரோட்டோபாஸின் சரித்திரத்தைத் தனியாகப் பார்ப்பது நல்லது. காய்கறிப் பயிருக்கு இதை அடிக்கக்கூடாது என்று 2005-லேயே இந்தியாவில் தடை. அதாவது, சாப்பிடுகிறவருக்கு ஆகாது என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. பருத்திக்கு அடிக்கிறவனுக்கு ஆகுமா என்ற கேள்வி எழவில்லை. 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் இந்தியாவில் இந்த மருந்தால் வரும் உடல்நலக் கேட்டைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள்; சமையல் எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். அதே வருஷம், வேறு நாடுகளில் தடையான 66 மருந்துகளைப் பரிசீலிக்க அனுபம் வர்மா தலைமையில் குழு அமைந்தது. 2018-ல் அதன் பேரில் 18 மருந்துகளுக்குத் தடை வந்தபோது மோனோகுரோட்டோபாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 2020-ல் 27 மருந்துகளைத் தடை செய்யும் வரைவு உத்தரவில் பெயர் இருந்தது. வரைவு வரைவாகவே நின்றது. பருத்திக்கு அதிகம் விற்ற அதன் 36 சதவீதக் கரைசலுக்கு முடிவு கட்டிய உத்தரவு 2023 செப்டம்பரில்தான் வந்தது. கையிருப்பை விற்றுத் தீர்க்க அதிலும் ஒரு வருஷ அவகாசம். மலிவான மருந்து, அதை நிறுத்தினால் விவசாயிக்கு நஷ்டம் என்பது இத்தனை வருஷமும் சொல்லப்பட்ட வாதம். மருந்தடிக்கிறவனின் ஆஸ்பத்திரிச் செலவை அந்த மலிவில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

முகமூடி வாதம்

யவத்மால் பற்றி விசாரித்த குழு பல நல்ல விஷயங்களைச் சொன்னது. மோனோகுரோட்டோபாஸை நிறுத்த வேண்டும், ரத்தப் பரிசோதனைக் கூடம் வேண்டும் என்றது. கூடவே, அடித்தவர்கள் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் சொன்னது. கம்பெனிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மிகவும் பிடித்த வாக்கியம் அதுவே. கையுறை, கண்ணாடி, முகமூடி, ரப்பர் பூட்ஸ், முழு உடுப்பு போட்டு அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம்.

அக்டோபர் வெயிலில், ஆள் உயரப் பருத்திக்குள், இருபது கிலோ முதுகில் இருக்க, காற்றுப் போகாத உடுப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் நடந்து காட்டட்டும். அந்த உடுப்பின் விலை பல நாள் கூலி. முகமூடி என்ற பெயரில் கிராமத்தில் கிடைப்பது தூசிக்குப் போடும் துணி. மருந்தின் ஆவியை அது நிறுத்தாது, நனைந்தபின் மூக்கருகே வைத்துக்கொண்டே இருக்கும். 'போடவில்லை' என்பது உண்மை. 'போட முடியும்' என்பதுதான் பொய்.

இதைச் சொல்வது ஏதோ தொழிற்சங்கம் அல்ல. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வகுத்த பூச்சிமருந்து நடத்தை நெறி அப்படித்தான் சொல்கிறது: அசௌகரியமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத காப்பு உடை இல்லாமல் கையாள முடியாத மருந்தை, குறிப்பாக வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலியாட்களும் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். அந்த நெறியை மதிப்பதாக இந்தியாவில் விற்கும் பெரிய கம்பெனிகள் எல்லாமே சொல்லிக்கொள்கின்றன.

இந்தக் கேள்வி ஸ்விட்சர்லாந்து வரை போனது. யவத்மாலில் பேசப்பட்ட மருந்துகளில் ஒன்று, டயஃபென்தியூரான் அடங்கிய 'போலோ'. சின்ஜென்டா கம்பெனியின் தயாரிப்பு. அந்த ரசாயனத்தை ஐரோப்பாவில் விற்க முடியாது. ஸ்விட்சர்லாந்திலும் 2009-லிருந்து அனுமதி இல்லை. ஆனால் 2017-ல் 75 டன் அங்கிருந்து இந்தியாவுக்கு ஏற்றுமதி ஆகியிருந்ததை பப்ளிக் ஐ என்ற ஸ்விஸ் அமைப்பு வெளிக்கொண்டுவந்தது. போலீஸ் பதிவேடுகளில் 96 பேரின் பாதிப்புக்குப் பக்கத்தில் அந்த மருந்தின் பெயர் இருந்தது என்றும் அது சொன்னது. தங்கள் மருந்துதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனி மறுத்தது. இறந்த இருவரின் மனைவிகளும், பிழைத்த ஒருவரும் 2020-ல் பாசல் நகரில் இழப்பீடு கேட்டுச் சட்ட நடவடிக்கை தொடங்கினார்கள். வேறு 51 பேர் சார்பில் தனிப் புகார் போனது. வழக்கின் போக்கு எப்படியோ, அந்த வருஷமே ஸ்விஸ் அரசு டயஃபென்தியூரான், புரொஃபெனோபாஸ் உள்பட ஐந்து மருந்துகளின் ஏற்றுமதியை நிறுத்த முடிவு செய்து 2021-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே தயாராவதை அது தொடாது என்பது வேறு விஷயம்.

மருந்து இல்லாமல் விவசாயம் எப்படி என்று கேட்பவர்களுக்கு தெலங்கானாவின் புனுகுலா கிராமத்தைக் காட்டலாம். அன்றைய கம்மம் மாவட்டத்தில் இருந்த பருத்தி ஊர். மருந்துக் கடனும் மருந்து விஷமும் முற்றிப்போய், வேப்பங்கொட்டைக் கரைசல், மிளகாய் பூண்டுக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி என்று சில குடும்பங்கள் மாறின. மற்றவர்கள் ஒரு பருவம் வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் கையில் காசு நின்றதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் மாறினார்கள். 2000-களின் தொடக்கத்திலேயே ரசாயன மருந்து வேண்டாம் என்று ஊராட்சியே அறிவித்தது. முன்பு மருந்து கலக்கிய பெண்கள்தான் வேப்பங்கொட்டை இடிக்க முன்னால் நின்றார்கள்.

எல்லா ஊரும் ஒரே நாளில் புனுகுலா ஆகாது. ஆனால் கொடிய மருந்துகளை மட்டுமாவது எடுத்துவிட்டால் விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயம் வெறும் பயம்தான் என்பதற்கு இலங்கை சாட்சி. மோனோகுரோட்டோபாஸ் உள்பட மிகக் கொடிய வகைகளை அந்நாடு 1995-ஐ ஒட்டி நிறுத்தியது. விஷச் சாவுகள் பெருமளவு குறைந்தன; நெல் விளைச்சல் அதனால் குறையவில்லை என்று பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் கண்டார்கள். கேரளாவும் 2011-ல் பல மருந்துகளை விலக்கியது. அங்கேயும் பயிர் நின்றுபோகவில்லை.

யவத்மாலில் அடுத்தடுத்த பருவங்களில் பாதுகாப்பு உடுப்புகள் வினியோகம் ஆயின, துண்டுப் பிரசுரங்கள் வந்தன. மருத்துவமனைக்கு வருபவர்களின் எண்ணிக்கை குறைந்தது, வருவது நிற்கவில்லை. 2017-ல் இறந்தவர்களின் குடும்பத்துக்காவது இரண்டு லட்சம் என்று ஒரு தொகை அறிவிக்கப்பட்டது. பார்வை மங்கியவர்கள், கை கால் மரத்துப்போனவர்கள், பம்பைத் தூக்கும் தெம்பு இழந்தவர்கள் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. மகாராஷ்டிராவில் விவசாயிகளுக்கு அப்போது விபத்துக் காப்பீடு இருந்தது. அதற்கு முதலில் காட்ட வேண்டியிருந்தது 'சாத் பாரா' எனப்படும் நிலப் பதிவேட்டு நகல். நிலமே இல்லாமல் அடுத்தவர் பருத்திக்கு மருந்தடித்துச் செத்தவனின் மனைவி எந்த நகலைக் கொண்டுபோய்க் காட்டுவாள்?